பந்தய சிமுலேட்டர் ஏன் ஆமை வேகத்தில் வளர்கிறது? காத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

நிஜக் கார் ஓடுவதைக் கணக்குப் போட்டுக் காட்டும் கணினி விளையாட்டுதான் பந்தய சிமுலேட்டர். அதன் ரசிகர்களின் பொறுமை எங்கே உடைகிறது என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு கார் போதும்: ஃபோக்ஸ்வாகன் ஷிராக்கோ. ‘லைவ் ஃபார் ஸ்பீட்’ என்ற சிமுலேட்டரில் 2009-லேயே அந்தக் கார் வந்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். காரின் வடிவம் தயாராகிவிட்டது, படங்களும் வெளிவந்துவிட்டன. அதன் பிறகுதான், இது நிஜ ஷிராக்கோ மாதிரி ஓட வேண்டுமானால் டயர் கணக்கையே திருத்தியாக வேண்டும் என்று சொல்லி வெளியீட்டைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த பெரிய கட்டமான ‘எஸ்3’ 2015 டிசம்பரில் வந்தது. அதில் புதிய பந்தயத் தடம் இருந்தது. ஷிராக்கோ இல்லை, புதிய டயர் கணக்கும் இல்லை.

டயர் கணக்குக்கு ஆறு வருடமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் டயரிலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ளங்கை அளவு ரப்பர்

சாதாரண கார் விளையாட்டில் கார் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை வடிவமைப்பாளரே முடிவு செய்கிறார். அதிகமாக வழுக்கினால் ஒரு எண்ணைக் குறைப்பார், வேலை முடிந்தது. சிமுலேட்டரில் அப்படி ஒரு எண் கிடையாது. கார் திரும்புவது என்பது ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், எடைப் பகிர்வு, டயர் எல்லாம் சேர்ந்து கடைசியில் வந்து நிற்கும் விடை. விடை தப்பாக வந்தால் விடையை அழித்து எழுத முடியாது. எந்த வரியில் கணக்கு பிசகியது என்று தேட வேண்டும். பெரும்பாலும் அந்த வரி டயரில்தான் இருக்கும். ஏனென்றால் காரும் சாலையும் தொட்டுக்கொள்ளும் இடம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

அந்த ரப்பர் எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சொல்ல இரண்டு அளவுகள் வேண்டும். முதலாவது பக்கவாட்டுச் சறுக்கல் கோணம்: டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் நடுவே உள்ள கோணம். வளைவில் திரும்பும் எந்த டயரும் கொஞ்சம் சறுக்கிக்கொண்டேதான் போகும். கோணம் ஏற ஏறப் பிடிமானமும் ஏறி, சில டிகிரிகளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். இரண்டாவது நீள்வாட்டுச் சறுக்கல் விகிதம்: சக்கரத்தின் ஓர வேகத்திலிருந்து காரின் வேகத்தைக் கழித்து, வந்ததைக் காரின் வேகத்தால் வகுக்க வேண்டும். கார் வினாடிக்கு 20 மீட்டர் போகிறது, சக்கரத்தின் ஓரம் 22 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்றால் விகிதம் 0.1, அதாவது 10 சதவீதம்.

எளிதாகத்தான் தெரிகிறது. சரி, கார் நின்றுகொண்டிருந்தால்? காரின் வேகம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது. பந்தயத் தொடக்கத்தில் வரிசையில் நிற்கும் கார் நடுங்குவதும், மேட்டில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திய கார் மெல்ல மெல்லக் கீழே நழுவுவதும் பழைய சிமுலேட்டர்களில் பார்த்த காட்சிகள். காரணம் இந்த வகுத்தல்தான். மிகக் குறைந்த வேகத்துக்கு வேறொரு கணக்கு எழுத வேண்டும். இரண்டு கணக்கும் கைமாறும் இடத்தில் குலுக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கே மாதங்கள் ஓடும். ஆனால் புதுப்பிப்புக் குறிப்பில் இது “குறைந்த வேக டயர் நடத்தை மேம்படுத்தப்பட்டது” என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

அடுத்த முனையிலும் சிக்கல் உண்டு. டயரைச் சோதனை இயந்திரத்தில் வைத்து அளப்பவர்கள் பெரும்பாலும் உச்சப் பிடிமானத்தைத் தாண்டிச் சற்று தூரம் வரைதான் அளப்பார்கள். பொறியாளருக்கு அது போதும். சிமுலேட்டரில் உட்காரும் ஆளோ முதல் பத்து நிமிடத்திலேயே காரை 40, 50 டிகிரி பக்கவாட்டில் திருப்பிவிடுவார். அந்தக் கோணத்துக்கு அளவீடு எதுவும் இருக்காது. வளைகோட்டை ஊகித்து நீட்டித்தான் வரைய வேண்டும். “சுழலத் தொடங்கினால் காரைப் பிடிக்கவே முடியவில்லை, பனிக்கட்டிமேல் போகிற மாதிரி இருக்கிறது” என்ற புகார் பல சிமுலேட்டர்களில் திரும்பத் திரும்ப வருவது இந்த ஊகப் பகுதியால்தான்.

இதற்கு மேல் வெப்பம், காற்றழுத்தம், தேய்மானம், சக்கரத்தின் சாய்வு, ஒரே நேரத்தில் பிரேக்கும் திருப்பமும் சேரும்போது பிடிமானம் பங்கிடப்படும் விதம் என்று பட்டியல் நீள்கிறது. வளைகோட்டை அளவீடுகளுக்குப் பொருத்தும் பசேய்கா சூத்திரம் ஒரு வழி. டயரின் உடலையே சிறு சிறு துண்டுகளாக உருவகித்து, கணக்கின் கனமான பகுதியை முன்கூட்டியே முடித்து அட்டவணையாக வைத்துக்கொள்வது இன்னொரு வழி. ‘ஆர்ஃபேக்டர் 2’ என்ற சிமுலேட்டர் பிடித்தது இந்த வழி. இரண்டாவதில் ஒரு டயரின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றினாலும் அட்டவணையை மறுபடி தயாரிக்க வேண்டும்.

ஒரு வினாடிக்கு எத்தனை முறை

கணினி இந்தக் கணக்கைத் தொடர்ச்சியாகப் போடுவதில்லை. நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுகிறது. வினாடிக்கு எத்தனை துண்டு என்பது ஹெர்ட்ஸில் சொல்லப்படும். லைவ் ஃபார் ஸ்பீட் நெடுங்காலம் 100 ஹெர்ட்ஸில் ஓடியது. ‘அசெட்டோ கோர்சா’ என்ற இன்னொரு சிமுலேட்டர் 333 ஹெர்ட்ஸ். காரின் உடல் நசுங்குவதையே கணக்கிடும் ‘பீம்என்ஜி.டிரைவ்’ 2000 ஹெர்ட்ஸ்.

மணிக்கு 250 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 69 மீட்டர். 100 ஹெர்ட்ஸில், ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே கார் 69 செ.மீ. தாண்டிவிடும். வளைவின் ஓரத்திலுள்ள கெர்ப் மேட்டில் 50 செ.மீ.க்கு ஒரு புடைப்பு இருந்தால், சில புடைப்புகள் சக்கரத்துக்குத் தெரியாமலே போய்விடும். 333 ஹெர்ட்ஸில் இந்தத் தாவல் 21 செ.மீ., 1000 ஹெர்ட்ஸில் 7 செ.மீ. அப்படியானால் 1000 வைத்துவிட வேண்டியதுதானே?

வைக்கலாம், விலை கொடுத்தால். கணினி ஓட்டும் 29 கார்களும் உங்கள் காரும் சேர்ந்து 120 டயர்கள். 333 ஹெர்ட்ஸில் வினாடிக்குச் சுமார் 40,000 டயர் கணக்குகள். 1000-க்குப் போனால் 1,20,000. அதே நேரத்தில் திரையில் வினாடிக்கு 60 படம் வரைய வேண்டும், அதாவது படத்துக்கு 16.7 மில்லிவினாடிதான் அவகாசம். விஆர் கண்ணாடி 90 படம் கேட்டால் 11.1. கணினி எதிராளிகளுக்குப் பல சிமுலேட்டர்கள் எளிமைப்படுத்திய இயற்பியலைக் கொடுப்பது இந்த நெருக்கடியால்தான். “நான் வழுக்கும் இடத்தில் அவன் மட்டும் தண்டவாளத்தில் போகிறான்” என்ற எரிச்சலுக்கும் வேர் இங்கேதான்.

இயற்பியலையும் படம் வரைவதையும் தனித்தனி செயலிக் கருக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது தீர்வு. ஆனால் 2000-களின் தொடக்கத்தில் ஒரே கருவை நம்பி எழுதிய நிரலில் இதைச் செய்வது, குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டி மாற்றுவதுதான். லைவ் ஃபார் ஸ்பீட் குழு 1000 ஹெர்ட்ஸுக்குப் போகும் வேலையை எடுத்தபோது இதையும் சேர்த்தே செய்ய வேண்டியிருந்தது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான்: பல வருடமாகப் புதிய கார் வரவில்லை.

ஒன்றைத் தொட்டால் இருபது அசையும்

புதிய டயர் கணக்கு தயாராகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே வெளியிட முடியுமா?

லைவ் ஃபார் ஸ்பீடின் எஸ்2 கட்டத்தில் இருந்த கார்கள் 20. ஒவ்வொன்றின் சஸ்பென்ஷனும் பழைய டயருக்கு ஏற்றபடி சரிசெய்யப்பட்டது. இருபதையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். கணினி எதிராளிகள் எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது என்று கற்றிருந்ததும் பழைய பிடிமானத்தை வைத்துத்தான். ஸ்டீயரிங்கில் கையில் உணரும் விசை டயர் கணக்கிலிருந்தே பிறப்பதால் அதன் அளவும் மாறும். ஒரே வகுப்பில் போட்டியிடும் மூன்று கார்கள் ஏறக்குறைய சமமான நேரத்தில் சுற்ற வேண்டும் என்ற சமநிலையும் குலையும்.

இவை தயாரிப்பாளரின் தலைவலிகள். ஆட்டக்காரருக்கும் இழப்பு உண்டு. ஓட்டத்தைத் திரும்பப் பார்க்கும் ரீப்ளே கோப்பில் காரின் இடத்துக்குப் பதில் ஸ்டீயரிங், பெடல் அசைவுகள் மட்டும் பதிவாகியிருந்தால், இயற்பியல் மாறியதும் அதே அசைவுகள் காரை வேறெங்கோ கொண்டுபோய்ச் சுவரில் மோதவிடும். பழைய சாதனை நேரங்கள் செல்லாது. உழைத்துச் சேர்த்த செட்டப் கோப்புகள், அதாவது காரின் அமைப்பு அளவுகள், வீண். எல்லோரும் ஒரே நாளில் மாறாவிட்டால் சேர்ந்து பந்தயம் ஓட்டவும் முடியாது. அதனால்தான் லைவ் ஃபார் ஸ்பீட் தன் புதுப்பிப்புகளை, பழையதோடு ஒத்துப்போகிறவை, ஒத்துப்போகாதவை என்று இரண்டாகப் பிரித்து வெளியிடும். இரண்டாவது வகையை அடிக்கடி விட முடியாது. அப்படி விடுவதற்குள் பல மாற்றங்களைச் சேர்த்துவைக்கிறார்கள். சேர்க்கச் சேர்க்கச் சோதிக்க வேண்டியது கூடுகிறது, தாமதமும் கூடுகிறது.

மழை இதற்கு நல்ல உதாரணம். 2008 ஆகஸ்டில் தொடங்கிய ‘ஐரேசிங்’ என்ற சிமுலேட்டரில் மழை வந்தது 2024 மார்ச்சில். மழை என்பது வானத்திலிருந்து விழும் கோடுகள் மட்டும் என்றால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். தடத்தின் எந்த இடத்தில் எத்தனை தண்ணீர் தேங்குகிறது, சரிவில் எந்தப் பக்கம் வழிகிறது, கார்கள் போன பாதை எப்படி முதலில் காய்கிறது, முன்னால் போகும் கார் எவ்வளவு தெறிக்கிறது என்பதெல்லாம் பந்தயத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒருவர் கணினியில் காய்ந்த இடம் இன்னொருவர் கணினியில் ஈரமாக இருந்தால் அது போட்டியே அல்ல.

மூன்று பேர், முப்பது பேர்

லைவ் ஃபார் ஸ்பீடை உருவாக்கியது மூன்று பேர்: நிரல் எழுத ஸ்காவென் ராபர்ட்ஸ், கார்களையும் தடங்களையும் வரைய எரிக் பெய்லி, இணையப் பகுதியைக் கவனிக்க விக்டர் வான் விளார்டிங்கன். நிரல் பக்கம் ஏறக்குறைய முழுக்க ஒரே தலையில். அந்த ஒருவர் டயரில் இறங்கினால் மற்றதெல்லாம் நிற்கும்.

பெரிய குழுவிலோ எரிச்சல் வேறு வடிவில் வரும். “ஆறு மாதமாக அந்தக் கோளாறு அப்படியே கிடக்கிறது, இவர்கள் காசுக்குப் புதுக் கார் விற்கிறார்கள்” என்பது எல்லா சிமுலேட்டருக்கும் வரும் குற்றச்சாட்டு. பாதி நியாயம், பாதி தவறான புரிதல். காரை முப்பரிமாணத்தில் வரைகிற கலைஞரால் நெட்வொர்க் கோளாறைச் சரிசெய்ய முடியாது. அவரைச் சும்மா உட்காரவைத்தாலும் அந்தக் கோளாறு சீக்கிரம் தீராது. நியாயமான பாதி எது என்றால், அடுத்து எந்தத் துறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது. வருடக்கணக்கில் கார்களும் தடங்களும் மட்டுமே வந்து, அறியப்பட்ட கோளாறுகளின் பட்டியல் அசையாமல் இருந்தால், பணம் எந்தப் பக்கம் போகிறது என்று அதிலேயே தெரியும்.

பணம் வாங்கும் முறையும் தாமதத்தின் முகத்தை மாற்றுகிறது. ஐரேசிங் சந்தா முறை. ஒரு பருவம் 12 வாரம், 13-ஆவது வாரத்தில் புதிய பதிப்பு, வருடத்துக்கு நான்கு முறை. தயாராகாத அம்சத்துக்காக வண்டி நிற்காது. அது அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளும். ஒருமுறை பணம் கட்டி வாங்கும் சிமுலேட்டரில் இந்தக் கால அட்டவணை தேவையில்லை, அதனால் இருப்பதும் இல்லை. லைவ் ஃபார் ஸ்பீடின் எஸ்1 2003-லும் எஸ்2 2005-லும் வந்தன. எஸ்3 வர இன்னும் பத்து வருடம் ஆனது. அத்தனை காலமும் எஸ்2-வின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆல்ஃபா’, அதாவது இன்னும் முடியாத பதிப்பு, என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது.

எஸ்3-ல் வந்த தடம் இங்கிலாந்தின் ராக்கிங்ஹாம். லேசர் கொண்டு அளந்து செய்தது. நிஜ ராக்கிங்ஹாமில் 2018-ஓடு பந்தயம் நின்றுபோய்விட்டது. இன்று அந்தத் தடத்தில் பந்தயம் ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு சிமுலேட்டர்தான் கதி. மெதுவாக வந்தாலும் மிஞ்சி நிற்பதில் இப்படி ஒரு வேடிக்கை இருக்கிறது.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா என்பார்கள். இங்கே சிக்கல் என்னவென்றால், அடுப்பு எரிகிறதா இல்லையா என்பதே வெளியே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

ஷிராக்கோ விஷயத்தில் டயரை மாற்ற எடுத்த முடிவை யாரும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. பிசகு வரிசையில் இருந்தது: முதலில் காரைக் காட்டினார்கள், பிறகு அதற்கு அடியில் இருக்க வேண்டிய வேலை பாக்கி இருப்பதைக் கண்டார்கள். அறிவிப்பே வராமல் 2015-ல் எஸ்3 வந்திருந்தால் பெரும்பாலோர் கைதட்டியிருப்பார்கள். டயர் கணக்கு போன்ற ஆராய்ச்சி வேலைக்குத் தேதி சொல்லவே கூடாது, ஏனென்றால் முடிவு கிடைக்குமா என்பதே வேலை முடியும்வரை தெரியாது. தடம் வரைவது அப்படியல்ல. அளவீடு கையில் இருந்தால் எத்தனை மாதம் என்று ஓரளவு சொல்லலாம்.

இதை நன்றாகப் பயன்படுத்தியது ‘அசெட்டோ கோர்சா கொம்பெடிசியோனே’. இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி அதை 2018 செப்டம்பரில் முற்கால அணுகலில் (எர்லி ஆக்சஸ்), அதாவது முடியும் முன்பே விற்கும் முறையில் வெளியிட்டபோது, எந்த மாதம் எந்தத் தடம், எந்தக் கார் என்று அட்டவணை கொடுத்தது. 2019 மே மாத இறுதியில் முழுப் பதிப்பான 1.0 வந்துவிட்டது. ஜிடி3 என்ற பந்தயக் கார் வகுப்பை மையமாக எடுத்துக்கொண்டதால், எது வேண்டும், எது வேண்டாம் என்பது முதல் நாளே தெளிவாக இருந்தது. எல்லாக் கார்களும் எல்லாத் தடங்களும் வரும் என்று தொடங்கும் சிமுலேட்டருக்கு இந்த வசதி கிடையாது.

பதிப்பு எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். பீம்என்ஜி.டிரைவ் 2013-லிருந்து விற்பனையில் இருக்கிறது, 2015-ல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடைக்கு வந்தது, பத்து வருடம் கழித்தும் எண் 1-ஐத் தொடவில்லை. ஆனாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை கணிசமான புதுப்பிப்பு வருகிறது. அதன் ஆட்டக்காரர்களில் கோபத்தோடு காத்திருப்பவர்கள் குறைவு. எண் 1.0 ஆனபிறகு கைவிடப்பட்ட விளையாட்டுகளும் உண்டு.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி

மெதுவாக நடக்கும் வேலையையும் நின்றுபோன வேலையையும் தூரத்திலிருந்தே பிரித்தறியலாம், கொஞ்சம் பழகினால்.

கடைசி நான்கு புதுப்பிப்புக் குறிப்புகளைத் திறந்து வரிசையாகப் படியுங்கள். “நிலைத்தன்மை மேம்பாடு”, “பல சிறு திருத்தங்கள்” என்று மட்டும் இருந்தால் எச்சரிக்கை. “பிட் பாதையில் வேகக் கட்டுப்படுத்தியை அழுத்தியபடி கியர் மாற்றினால் இன்ஜின் நின்றது சரிசெய்யப்பட்டது” என்ற மாதிரி வரிகள் இருந்தால், யாரோ உண்மையில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அடுத்து, ஒரு வருடத்துக்கு முன் எந்த மூன்று அம்சங்கள் வரும் என்றார்கள் என்று பாருங்கள். மூன்றில் ஒன்றாவது வந்திருக்கிறதா? வராததற்குக் காரணம் சொன்னார்களா? ‘விரைவில்’ என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் கால அளவு எதுவும் இல்லை. “இரண்டு வாரத்தில்” என்பது ஒரு நிரந்தர நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. இரண்டையும் தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விளையாட்டின் திரையிலிருந்து எடுத்த அழகான படங்களும் உயிருக்குச் சான்று அல்ல. தடங்கல் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடும் காணொளிதான் சான்று.

ஸ்டீமில் முற்கால அணுகல் விளையாட்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும், எவ்வளவு காலம் இந்நிலை நீடிக்கும், இப்போது என்ன நிலை, முழுப் பதிப்பில் என்ன கூடும், விலை ஏறுமா என்ற கேள்விகளுக்குத் தயாரிப்பாளரின் பதில் இருக்கும். பலர் இதைப் படிப்பதே இல்லை. 2025 தொடக்கத்திலிருந்து, நெடுநாள் புதுப்பிக்கப்படாத முற்கால அணுகல் விளையாட்டுகளின் பக்கத்தில் அந்த விவரத்தையும் ஸ்டீம் காட்டுகிறது.

பணம் கொடுக்குமுன்

இன்று இருப்பதற்கு மட்டும் விலை போடுங்கள். வரப்போகும் மழைக்கும் இரவுக்கும் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். இன்றைய கார்களும் தடங்களும் அந்த விலைக்குத் தகுமா? தகும் என்றால் வாங்குங்கள், பிறகு வருவதெல்லாம் லாபம்.

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஸ்டீயரிங் வீலைப் பொருத்திச் சரிசெய்வதிலேயே ஒரு மணி நேரம் கரைந்துவிடும், கடிகாரம் அதையும் சேர்த்தே எண்ணும். ஆகவே வீலின் ஃபர்ம்வேர் (வீலுக்குள் இருக்கும் மென்பொருள்), டிரைவர் (வீலைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள்), சுழற்சிக் கோணம் (900 டிகிரி வைத்துத் தொடங்கலாம்) எல்லாவற்றையும் விளையாட்டைத் திறக்கும் முன்பே முடித்துவிடுங்கள். உள்ளே போனதும் 20 நிமிடத்தில் பொத்தான்களை அமைத்து, ஒரே கார், ஒரே தடம் என்று 30 நிமிடம் ஓட்டி, 20 நிமிடம் கணினி எதிராளிகளுடன் போட்டி போட்டு, மீதியில் ஆன்லைன் பந்தயத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிடலாம். லைவ் ஃபார் ஸ்பீடில் இந்த அவசரம் தேவையில்லை. பிளாக்வுட் தடமும் மூன்று கார்களும் இலவச டெமோவிலேயே கிடைக்கும்.

தயாரிப்பாளரிடமிருந்து வராதது ஆட்டக்காரர்களிடமிருந்து வருவதும் உண்டு. முதல் அசெட்டோ கோர்சாவில் மழையும் இரவும் கிடையாது. ‘கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச்’ என்ற ரசிகர் உருவாக்கம் இரண்டையும் கொண்டுவந்தது. ஒரு சிமுலேட்டர் மோட்களை, அதாவது ரசிகர்கள் செய்து சேர்க்கும் இணைப்புகளை, அனுமதிக்கிறதா என்பது, காத்திருப்பு எவ்வளவு கசக்கும் என்பதையும் தீர்மானிக்கும்.

புதுப்பிப்பு வந்த அன்று

காத்திருந்த புதுப்பிப்பு வந்ததும் முதலில் கேட்கும் குரல் “கார் கெட்டுவிட்டது” என்பதுதான். பல நேரம் கெட்டது கார் அல்ல. பழைய செட்டப் புதிய டயருக்குப் பொருந்தாமல் இருக்கும், அல்லது ஏதாவது ஒரு மோட் பழைய கோப்பை இழுத்துக்கொண்டிருக்கும். இன்னொரு வழக்கமான குற்றவாளி விசைப் பின்னூட்டம், அதாவது ஸ்டீயரிங் வீல் கைக்குத் திருப்பித் தரும் விசை. கியரில் இயங்கும் தொடக்கநிலை வீல்கள் சுமார் 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைதான் தரும். புதிய கணக்கு அதற்கு மேல் கேட்டால், வீல் உச்சத்தில் முட்டி நின்றுவிடும். வளைவில் டயர் பிடி விடுவதைக் கை உணராது. இதைக் கிளிப்பிங் என்பார்கள். நீண்ட வேக வளைவில் திரையிலுள்ள விசைப் பட்டை சிவப்பில் தங்காத அளவுக்கு கெயினை (விசையின் மொத்த அளவை) 5 சதவீதம் 5 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள். கை லேசாகும், ஆனால் தகவல் திரும்ப வரும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிலையான சோதனை வைத்துக்கொள்வது நல்லது: ஒரே கார், ஒரே தடம், இயல்பான செட்டப், 20 லிட்டர் எரிபொருள், ஒரே வெப்பநிலை, பத்து சுற்று. முதல் இரண்டையும் தள்ளிவிட்டு மீதி எட்டின் நேரத்தைக் குறித்துவையுங்கள். புதுப்பிப்புக்கு முன்னும் பின்னும் இதைச் செய்தால், உணர்வு சொல்வதையும் கடிகாரம் சொல்வதையும் பிரித்துப் பார்க்கலாம். இரண்டும் அடிக்கடி முரண்படும்.

உண்மையிலேயே கோளாறு என்றால் அதை மூன்று முறை மறுபடி வரவழைத்துப் பாருங்கள். மோட்கள் எல்லாவற்றையும் நீக்கிய நிலையில் ஒரு முறையாவது வர வேண்டும், பீம்என்ஜி.டிரைவில் இதற்கென்றே பாதுகாப்புப் பயன்முறை இருக்கிறது. பிறகு எழுதுங்கள், ஓர் அறிக்கைக்கு ஒரு கோளாறு. “பின்பக்கம் சரியில்லை” என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. “இரண்டாம் கியரில், மணிக்கு 80 கி.மீ.யில், வலது வளைவில் ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டதும் பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறது, முந்தைய பதிப்பில் இல்லை, பத்தில் எட்டு முறை வருகிறது” என்றால் அதே மாலையில் ஒருவர் அதைத் தேடிப் பிடிக்க முடியும். பதிப்பு எண், கார், தடம், வீலின் மாடலும் ஃபர்ம்வேர் எண்ணும், ரீப்ளே, லாக் கோப்பு (விளையாட்டு தன் இயக்கத்தைத் தானே எழுதிவைக்கும் பதிவு) ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். அசெட்டோ கோர்சாவின் லாக், ஆவணங்கள் கோப்புறைக்குள் அந்த விளையாட்டின் பெயரிலேயே இருக்கும் கோப்புறையில் கிடைக்கும். அதை உடனே நகலெடுங்கள். அடுத்த முறை விளையாட்டைத் திறந்தால் பழையது அழிந்து புதியது எழுதப்படும்.

இன்று இரவு லீக் பந்தயம் இருக்கிறது, மதியம் புதுப்பிப்பு வந்துவிட்டது என்ற நிலையும் வரும். ஸ்டீமில் அந்த விளையாட்டின் அமைப்பில், திறக்கும்போது மட்டும் புதுப்பிக்கும்படி முன்பே வைத்திருந்தால் அவகாசம் கிடைக்கும். சில விளையாட்டுகள் ‘பீட்டாக்கள்’ பகுதியில் பழைய பதிப்பையும் தேர்வுசெய்ய விடும். ஆனால் லீக்கின் சர்வர் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். நீங்கள் மட்டும் பழையதில் நின்றால் உள்ளே நுழையவே முடியாது. எப்படியானாலும் செட்டப்புகளும் பொத்தான் அமைப்பும் இருக்கும் கோப்புறையைப் புதுப்பிக்கும் முன் வேறு இடத்தில் நகலெடுத்து, பெயரில் பதிப்பு எண்ணையும் சேர்த்து வையுங்கள். சில நூறு எம்பி இடம் போகும், அவ்வளவுதான்.